தினம் ஒரு புது ஓட்டல்

போன வாரம் நம் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டுவைத்தார், தாம்பரத்தைச் சுற்றி குடும்பத்தோடு போய்ச் சாப்பிட நல்ல இடம் எது என்று. அவ்வளவுதான், மூன்று நாள் போன் ஓயவில்லை. குரோம்பேட்டையில் ஆந்திரா மெஸ், வண்டலூர் தாண்டி ஒரு பரோட்டாக் கடை, மேடவாக்கத்தில் நான் இருக்கும் அடுக்குமாடிக்கு எதிரிலேயே ஒரு பிரியாணிக் கடை. அந்தக் கடைக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. "நீ ஏன் ஒண்ணும் போடல? இந்தப் பக்கத்துக்காரி நீதானே?" என்று ஒருத்தி கேட்டாள். 

எனக்கு ஓட்டல் ஆகாது என்று என் பிள்ளைகளுக்குத் தெரியும். சுத்தம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் அப்படி விட மனம் வரவில்லை. நான் சொல்லப்போகிற அந்த ஆறு மாதத்தில் பாதி நாள் நீங்களும் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். என் அம்மா மதுரையில் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய்.

நாலாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த சமயம். அம்மா சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவில் இருமல் வந்து, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள். மற்றவர்கள் பாடி முடித்தார்கள். அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தபோது கைக்குட்டையை உள்ளங்கையில் இறுகச் சுருட்டிவைத்திருந்தாள். நான் அதைப் பிரிக்கப் பார்த்தேன். என் விரலை வெடுக்கென்று தட்டிவிட்டாள். அடுத்த வாரம் அவளைச் சானடோரியத்தில் சேர்த்துவிட்டார்கள்.

"மார்ச்சளி" என்றார் அப்பா. காசநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

குரோம்பேட்டையிலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்கு அக்கா. வாசற்படியிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"பாப்பாவ நான் கூட்டிக்கினு போயிடுவேன்டா. ஆனா எங்க வூட்லயும் சின்னப் பசங்க இருக்குதுங்க. நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

"எடுத்துக்கல அக்கா" என்றார் அப்பா.

அப்பாவுக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. தாம்பரத்திலிருந்து தெற்கே ஊரப்பாக்கம் வரைக்கும், கிழக்கே மேடவாக்கம் வரைக்கும் சைக்கிளிலேயே சுற்றுவார். லீவு நாட்களில் என்னை விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் சைக்கிள் பாரில் ஒரு துண்டைச் சுற்றி என்னையும் உட்கார வைத்துக்கொண்டு போனார். சமையல் அவருக்கு வரவில்லை. ஒரு நாள் சோறு அடிப்பிடித்தது, மறுநாள் குழைந்து கஞ்சியாகிவிட்டது. மூன்றாம் நாள் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அது பெரிய திருவிழா. வழவழவென்று கல் பதித்த மேஜை, ஈரத்துணியும் சாம்பாரும் கலந்த வாசனை, "ரெண்டு இட்லி, ஒரு நெய் ரோஸ்ட்" என்று உள்ளே பார்த்துக் கத்துகிற சப்ளையர். முதலாளிக்கு அப்பாவை நன்றாகத் தெரியும். "அம்மாவுக்கு எப்படி சார் இருக்குது?" என்று தினமும் கேட்பார். அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். பொய் சொல்ல வேண்டும் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்றிரண்டு வாரத்தில் எங்களுக்கு மூலையில் ஒரு மேஜை ஒதுக்கப்பட்டது. காப்பி வரும் டம்ளரின் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு இருந்தது. எனக்கும் அப்பாவுக்கும் மட்டும். வேறு யாருடைய டம்ளரிலும் அது இல்லை என்று நான் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். தினமும் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை என்று எனக்கு நினைப்பு. ஒரு நாள் சப்ளையர் மறந்துபோய் வேறு டம்ளரில் கொண்டுவந்தபோது, "எங்க டம்ளர் இது இல்ல" என்று நானே சொல்லி மாற்றி வாங்கினேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

சானடோரியத்தில் வார்டுக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கொன்றை மரம் இருந்தது. அதன் அடியில் நான் நிற்பேன். அம்மா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். எங்களுக்கு நடுவில் பத்தடி இருக்கும். மரம் மஞ்சளாகப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் பள்ளியில் ஒப்பிப்பதுபோல உரக்கத்தான் பேச வேண்டும்.

"என்ன சாப்ட்ட?"

"நெய் ரோஸ்ட். எனக்கும் அப்பாவுக்கும் ஸ்பெஷல் டம்ளர் குடுக்கறாங்கம்மா. அடியில சிவப்புப் பொட்டு வச்சது. வேற யாருக்கும் கெடையாது!"

கம்பியில் இருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மரத்தைப் பார்த்தார்.

"என்னங்க, இவ என்ன சொல்றா?"

"தினம் போறோமில்ல. அதான் குறி வச்சிருக்கான்."

அம்மா கட்டிலில் சாய்ந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். சித்திரை வெயில் அது.

திரும்பி வரும் வழியில் அப்பா சைக்கிளை நிறுத்தாமலே சொன்னார். "இனிமே அந்த ஓட்டல் வேணாம் பாப்பா. ஒரே எடத்துல சாப்ட்டா நாக்கு மரத்துப்போயிடும். தினம் ஒரு புது ஓட்டல் கண்டுபிடிப்போம். ஒரு தடவ போன எடத்துக்கு மறுதடவ போகக்கூடாது. அதான் ரூல். சரியா?"

எனக்குக் கசக்குமா? சரி என்றேன்.

அந்தக் கோடையில் நாங்கள் கண்டுபிடித்த இடங்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். பெருங்களத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தபோது குழம்பு கொதிக்கிற வாசனை வந்து, அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு ஓலைக் கொட்டகை. ஏரியில் பிடித்த விரால் மீன். அங்கே பரிமாறிய தாத்தா, எனக்காக முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலையின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிளிக்கூண்டு விற்பவர்களுக்குப் பின்னால் ஒரு பாய் கடை. தையல் இலையில் ஆவி பறக்கப் பிரியாணி, பக்கத்துக் கூண்டிலிருந்து கிளிகள் கத்திக்கொண்டே இருக்கும். வண்டலூரில் அப்போது மிருகக்காட்சிசாலை எல்லாம் இல்லை, காடுதான். லாரிக்காரர்கள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு கடையில், நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டேன். மேடவாக்கத்தில் ஏரிக்கரையோரம், இப்போது தண்ணீர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குச் சமீபமாகத்தான் இருக்க வேண்டும், ஒரு வேலமரத்தடியில் இட்லியும் வடகறியும். இட்லியில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருக்கும்.

ஒவ்வொன்றையும் அம்மாவிடம் சாயங்காலம் சொல்வேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "வடகறில சோம்பு போட்டிருந்தாங்களா?" என்பாள். "குழம்பு சிவப்பா, மஞ்சளா?" என்பாள். ஊசி போட்டுப் போட்டு அவளுக்கு எதிலும் ருசி தெரியாமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற முட்டையும் பாலும் வாய்க்குப் பிடிக்கவில்லை என்பாள். ஆனாலும் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அரை முட்டையாவது சாப்பிடுகிறாள் என்று நர்ஸ் அப்பாவிடம் சொன்னார். அதனால் நான் இன்னும் உரக்க, இன்னும் விவரமாகச் சொன்னேன்.

அத்தைக்கு இது எப்படியோ தெரிந்துபோனது. சர்ச் வாசலில் நாலு பேர் கேட்கவே சொன்னார்: "பொண்டாட்டி அங்க படுத்துக் கெடக்கறா. இவன் ஓட்டல் ஓட்டலா நாக்கத் தொங்கப் போட்டுக்கினு சுத்தறான். புள்ளையையும் கெடுக்கறான்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் அத்தை சொன்னதை நம்பினேன். அப்பா சந்தோஷமாக இருக்கிறார், அம்மாவை மறந்துவிட்டார் என்று எனக்குக்கூட உள்ளுக்குள் கொஞ்சம் கோபம் இருந்தது. விரால் மீனை அவர் ரசித்துச் சாப்பிட்டதைப் பார்த்திருந்தேனே!

சேலையூரில் ஒரு வீட்டின் முன்னறையில் இரண்டு மேஜை போட்டு ஓட்டல் நடத்தினார்கள். புருஷன் உள்ளே அடுப்பைப் பார்க்க, மனைவி பரிமாறுவார். அங்கே தேங்காய்ப் போளி போடுவார்கள். கல்லிலிருந்து எடுத்த சூட்டில் நெய் தடவி, பூப்போட்ட பீங்கான் தட்டில் வைப்பார்கள். ஓரம் முறுகலாகவும் நடுவில் பஞ்சாகவும் இருக்கும். மூன்று நாள் கழித்து மறுபடி அங்கேயே போக வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

"ரூல் என்ன பாப்பா?"

"எனக்கு ரூல் வேணாம். போளிதான் வேணும்."

சைக்கிளிலிருந்து இறங்கி ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனோம்.

பரிமாறுகிற அந்த அம்மா எங்களை அடையாளம் கண்டுகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. என் தலையைக் கோதி, அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டிவிட்டார். "எவ்ளோ அழகா சாப்புடுது குட்டி! அம்மாவையும் கூட்டினு வரக்கூடாதா?"

"அம்மா சானடோரியத்துல இருக்காங்க" என்றேன், வாயில் போளியோடு.

"யாரப் பாக்கப் போயிருக்காங்க?"

"பாக்கப் போகல. படுத்திருக்காங்க."

அவர் கை என் தலையிலிருந்து விலகியது. தன் கையைப் புடவையில் துடைத்தார், ஒரு தடவை, இன்னொரு தடவை. அப்புறம் குனிந்து என் தட்டை எடுத்தார். அதில் பாதிப் போளி மிச்சமிருந்தது. பின்பக்கக் கதவு திறந்தது. பீங்கான் உடைகிற சத்தம் கேட்டது.

அவர் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. "சார், தப்பா நெனைக்காதீங்க. நாலு பேர் வந்து சாப்புடற எடம். வூட்ல எனக்கும் கைக்கொழந்த கீது" என்றார். அவர் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

அப்பா எழுந்தார். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். வேளச்சேரி ரோடு வந்ததும் கேட்டேன்.

"அப்பா, செவப்புப் பொட்டும் இதுக்குத்தானா?"

"ம்."

"தினம் புது ஓட்டலும்?"

அவர் சைக்கிள் மணியை ஒரு தரம் அடித்தார். ரோட்டில் யாருமே இல்லை.

அதற்கப்புறமும் இரண்டு மூன்று இடங்களுக்குப் போனோம். ஆனால் நான் மாறிப்போயிருந்தேன். இரும்புலியூரில் ஒரு இட்லிக் கடையில் அண்ணா ஒருவர், "இன்னா பாப்பா, அம்மா வர்ல?" என்று சும்மாதான் கேட்டார். "அம்மா மதுரைக்கு மாமா வீட்டுக்குப் போயிருக்காங்க. தம்பி பொறந்திருக்கான்" என்றேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. இல்லாத தம்பிக்கு ஒரு பேர்கூடச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார்.  இலையில் இரண்டு இட்லியை அப்படியே விட்டுவிட்டுக் கைகழுவ எழுந்து போனார். அந்த நாளோடு எங்கள் ஓட்டல் வேட்டை நின்றுபோனது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது உங்களிடம் நான் சொன்னது அதே பொய்தான். இரும்புலியூரில் ஒத்திகை பார்த்துவிட்டேன் இல்லையா?

ஒரு வாரம் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். ஒரு சாயங்காலம் அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு எதிரில், ரயில்பாதைப் பக்கமாக, தகரம் வேய்ந்த ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. எத்தனையோ தரம் அதைத் தாண்டிப் போயிருக்கிறோம். அப்பா அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மழைக்காக அதன் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம்.

உள்ளேயிருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்தார். ஒல்லி. ஒரு பக்கத் தோள் தாழ்ந்திருக்கும்.

"இன்னாத்துக்கு சார் நனைஞ்சிகினு நிக்கற? உள்ள வந்து குந்து. சோறு கீது, ரசம் கீது. கொயந்த மூஞ்சி வாடிப் போயிகீது பாரு."

அப்பா அசையவில்லை. "இவ அம்மா உள்ள இருக்காங்க. ஏழாவது வார்டு" என்றார். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்திருக்க வேண்டும்.

"அதுக்கு இன்னா இப்போ? நான் அந்த வார்டுல ஒண்ணரை வருசம் கெடந்தவ. புருசங்காரன் ஒரு நாள் வந்தான், அப்பறம் வர்ல. இங்க சாப்புடறவங்க அல்லாருக்கும் உள்ள ஒருத்தர் கீறாங்க. வா சார்."

அப்பா உள்ளே போய் உட்கார்ந்தார். சோறு வந்தது. ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். ஒரு கவளம் வாயில் வைத்ததும் அவர் முதுகு குலுங்கியது. ரசத்தில் மிளகு தூக்கல் என்று அக்கா சத்தமாகச் சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டார். வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் அங்கேதான். இதை நல்லபடியாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் இருக்கிறது. முடியவில்லை. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. பக்கத்து பெஞ்சில் யாராவது இருமினால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அக்கா தட்டு வைத்தால் அவர் விரல் படாத இடம் எது என்று பார்த்துச் சாப்பிடுவேன். இரண்டாவது வாரம் பள்ளிப் பையில் என் சொந்த டம்ளரைப் போட்டுக்கொண்டு போனேன். ஞானஸ்நானத்தின்போது கொடுத்தது, என் பெயர் வெட்டிய வெள்ளி டம்ளர்.

அதை எடுத்து மேஜையில் வைத்தேன். அக்கா தண்ணீர் ஊற்ற வந்தவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், செம்பு அதில் இடித்துவிடாதபடி உயரத் தூக்கி ஊற்றினார்.

"நல்லா கழுவி எடுத்துனு வா பாப்பா. அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார்.

அப்பா என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அங்கேயே, எல்லோருக்கும் எதிரில். டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. அக்கா ஓடிவந்து என்னை இழுத்து அணைக்கப் போனவர், பாதியில் கையை மடக்கிக்கொண்டு, "கொயந்தய அடிக்காத சார். அதுக்கு யார் கத்துக் குட்தது?" என்றார். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டம்ளரை எடுக்க நான் குனியவில்லை. அது என்ன ஆனது என்று தெரியாது.

அம்மாவிடம் இந்தக் கடையைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். வேறு எங்கேயும் எங்களுக்கு இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவள் தினமும் கேட்டாள். "இன்னைக்கு எங்க போனீங்க?" ஆகவே நானே ஓட்டல்களைக் கட்ட ஆரம்பித்தேன். கொன்றை மரத்தடியில் நின்றுகொண்டு, இல்லாத மேஜைகளைப் போட்டேன், இல்லாத சப்ளையர்களைச் சத்தம் போட வைத்தேன். அதில் சிறந்தது பல்லாவரம் ஸ்டேஷன் பக்கத்தில் மாடிமேல் இருந்த ஓட்டல். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மின்சார ரயில் காலுக்குக் கீழே போகும். மேஜையில் தண்ணீர் டம்ளர் நடுங்கும். அங்கே பால்கோவாவை வாழையிலையில் மடித்துக் கொடுப்பார்கள். அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். "நான் வந்ததும் மொதல்ல அங்கதான்" என்றாள். ஜன்னலுக்குப் பின்னால் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

ஐப்பசி மழை தொடங்கும்போது அம்மா வீட்டுக்கு வந்தாள். சளியில் கிருமி இல்லை, இனி எல்லோரோடும் சகஜமாக இருக்கலாம் என்று டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். அப்பா இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை அம்மா நீலப் புடவை கட்டிக்கொண்டாள். உடம்பு இளைத்துவிட்டதால் கொசுவம் கூடுதலாக வந்தது. "அந்த மாடி ஓட்டலுக்குப் போலாமா?" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"அத மூடிட்டாங்கம்மா" என்றேன்.

"அடடா" என்றாள் அம்மா. உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

பஸ் ஏறி, குரோம்பேட்டையில் எங்களை யாருக்கும் தெரியாத ஓட்டல் ஒன்றுக்குப் போனோம். அம்மா எனக்குப் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். நான் எதிரில், அப்பாவோடு போய் உட்கார்ந்தேன். அம்மா தோசை வந்ததும் முறுகலான நடுப்பகுதியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினாள். ஆறு மாதமாக எங்களுக்கு நடுவில் இருந்த பத்தடி இல்லை. அவள் விரல் என் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஆ காட்டு, கண்ணு."

நான் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினேன்.

யோசித்துச் செய்ததல்ல. கழுத்து தானாகத் திரும்பியது. மறுபடி திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் கை அங்கேயேதான் இருந்தது. சட்னி விரலில் வழிந்து மேஜையில் சொட்டியது. பிறகு கையை இழுத்துக்கொண்டு, அந்தத் துண்டை இலையோரத்தில் வைத்தாள். அதை அவளும் சாப்பிடவில்லை.

"பசிக்கல போல" என்றாள் அப்பாவிடம். "தொந்தரவு பண்ணாதீங்க. விடுங்க."

அதன்பிறகு அம்மா எங்களோடு எந்த ஓட்டலுக்கும் வந்ததில்லை. சர்ச்சில் பாடகர் குழுவுக்கும் திரும்பிப் போகவில்லை. அவர்கள் கூப்பிட்டார்கள். மூச்சு போதவில்லை என்று சொல்லிவிட்டாள். தகரக் கடை அக்காவிடம் போய் அம்மாவைக் காட்டிவிட்டு வர வேண்டும் என்று அப்பா கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். போகவில்லை. பிற்பாடு நான் கல்லூரிக்கு ரயிலில் போகும்போது சானடோரியம் ஸ்டேஷன் வந்தால் கடை இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தேன். அங்கே வெறும் சுவர் இருந்தது. எப்போது எடுத்தார்கள் என்று கேட்க எனக்கு யாரும் இல்லை.

அம்மா அதற்கப்புறம் முப்பத்து நாலு வருடம் இருந்தாள். எனக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டாள். என் பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்தாள். சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் போட்டு, ஊட்டுவதற்கு என்னையோ அப்பாவையோ கூப்பிடுவாள். ஒரு பேரக்குழந்தைக்குக்கூடத் தன் கையால் ஊட்டியதில்லை. அவளுக்கு அதில் அலுப்பு என்று என் கணவர் நினைத்தார். நான் திருத்தவில்லை.

கடைசியில் அவளுக்கு வந்தது இதய நோய். படுக்கையில் எழுந்து உட்கார முடியாது. ஒரு மத்தியானம் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, என் விரல்களால் எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டினாள்.

"என்னம்மா? வேணாமா?"

"ஸ்பூன்ல குடு" என்றாள். "கையால வேணாம். உனக்கு எதாவது ஒட்டிக்கப் போவுது."

அது ஒட்டாதும்மா, இது அந்த நோய் இல்லை, அதுவும் எப்போதோ சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் காத்திருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. நான் எழுந்து சமையலறைக்குப் போய் ஸ்பூன் எடுத்து வந்தேன்.